நாலஞ்சு என்றால் எத்தனை?

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் நின்று, வத்தலக்குண்டு பஸ் எப்ப வரும் என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். 4.37-க்கு வரும் என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். "இப்ப வந்துரும், பத்துப் பதினஞ்சு நிமிசம்" என்பார்கள். வெங்காய மார்க்கெட்டில் இன்றைக்கு எத்தனை வண்டி சரக்கு என்று கேட்டால் "ஏழெட்டு வண்டி". கல்யாண வீட்டுச் சமையல்காரர் "எத்தனை இலை?" என்று கேட்டால் பெண்ணின் மாமா "ஐந்நூறு அறுநூறு விழும்" என்பார். சமையல்காரரும் அதைக் கேட்டுக்கொண்டு அறுநூறுக்குப் பருப்பு நனைக்கப் போய்விடுவார்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நாலஞ்சு என்பதில் இடைவெளி ஒன்று. பத்துப் பதினஞ்சு என்பதில் ஐந்து. நூறு நூத்தம்பது என்பதில் ஐம்பது. எண் பெரிதாகப் பெரிதாக இடைவெளியும் தானாக அகலமாகிறது. பெரிய எண்ணை மதிப்பிடும்போது பிழையும் பெரிதாக இருக்கும் என்பது எந்த வாத்தியாரும் சொல்லித்தராமலே நாக்குக்குத் தெரிந்திருக்கிறது. "கூட்டத்துக்கு நூறு நூத்தியொண்ணு பேர் வருவாங்க" என்று யாராவது சொன்னால் சிரிப்புத்தான் வரும். நூத்தியொண்ணு மொய்க்கு மட்டும்.

நிச்சயமில்லாததை நிச்சயமில்லாததாகவே சொல்வதற்கு இவ்வளவு வசதி தமிழில் இருக்கிறது. சுமார், ஏறக்குறைய, குத்துமதிப்பாக, கண்மதிப்பாக, வந்தாலும் வரும். இதையெல்லாம் பேசிக்கொண்டே வந்து வகுப்பில் உட்காரும் மாணவனிடம் சராசரி என்ன என்று கேட்டால் 12.47 என்று எழுதி, அதைச் சுற்றி ஒரு கட்டம் போட்டு, ஸ்கேல் வைத்து அடியில் ரெண்டு கோடு இழுத்துவிடுகிறான். கட்டம் போட்டாகிவிட்டது, இனி அந்த எண்ணை யாரும் அசைக்க முடியாது. கூட்டல் கழித்தல் குறியோடு விடை வரும் கணக்கும் பாடத்தில் உண்டு. ஆனால் அந்தக் குறி அவனுக்கு ஃபார்முலாவின் ஒரு பகுதி. விட்டால் ஒரு மார்க் போகும், அவ்வளவுதான்.

படிவங்களும் இதற்கு உடந்தை. சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமம் இருக்கிறது. டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் தொடங்கியது. அங்கே 1956-ல் கிராமியக் கல்வி நிறுவனம் வந்தது, 1976-ல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. மாணவர்கள் கிராமங்களில் போய்த் தங்கி, வீடு வீடாகக் கணக்கெடுப்பது அங்கே படிப்பின் ஒரு பகுதி. அப்படிக் கணக்கெடுக்கப் போன யாரைக் கேட்டாலும் ஒரே கதைதான். "மாச வருமானம் எவ்வளவுங்கம்மா?" "ஏதோ வருதுப்பா, அஞ்சாறு." படிவத்தில் இருப்பது ஒரே ஒரு கட்டம், அதில் ஒரே ஒரு எண்ணுக்குத்தான் இடம். 5,500 என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போக வேண்டியதுதான். அந்த அம்மா சொன்ன அஞ்சுக்கும் ஆறுக்கும் நடுவில் இருந்த அவரது தயக்கம், வேலை கிடைக்கும் நாள் கிடைக்காத நாள் எல்லாம் அந்தக் கட்டத்துக்கு வெளியே நின்றுவிட்டன. வயதும் இப்படித்தான். பல பத்தாண்டுகளாக இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் 30, 35, 40, 45 என்று பூஜ்யத்திலும் ஐந்திலும் முடியும் வயதுகளில் ஆட்கள் குவிந்து கிடப்பார்கள். நாற்பது வயதுக்காரர்கள் திடீரென்று கூடுதலாகப் பிறந்துவிடவில்லை. "நாப்பது இருக்கும்" என்று சொன்னது "நாற்பது" என்று பதிவாகியிருக்கிறது. 'இருக்கும்' எங்கோ விழுந்துவிட்டது.

அந்த 'இருக்கும்' என்பதைத் திரும்ப எடுத்து மாணவர்கள் கையில் கொடுப்பது எப்படி? திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் நடத்தும் ஒருவர் வெங்காயத்தை வைத்து அதைச் செய்து பார்த்தார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய வகுப்பு. பாதிப்பேருக்குக் கண் செருகும் நேரம். சார் ஒரு சாக்கோடும் ஒரு எலக்ட்ரானிக் தராசோடும் உள்ளே வந்தார். மார்க்கெட்டில் சொல்லி வாங்கிய பல்லாரி வெங்காயம், பெரிசும் சின்னதும் கலந்து.

"இதுல நூறு வெங்காயம் இருக்கு. எண்ணித்தான் போட்டிருக்கேன். மொத்தம் எத்தனை கிலோன்னு சொல்லணும். ஆனா மொத்தத்தையும் எடை போடக் கூடாது. அஞ்சே அஞ்சு எடுங்க, எடை போடுங்க, இருபதால பெருக்குங்க."

"எந்த அஞ்சு சார்?"

"உங்க இஷ்டம்ப்பா. மொத்தச் சாக்குக்கும் மாதிரி மாதிரியா இருக்கிற அஞ்சாப் பார்த்து எடுத்துக்கங்க."

நாற்பது பேர், எட்டுக் குழு. ஒவ்வொரு குழுவும் சாக்குக்குள் கையை விட்டு, பார்த்துப் பார்த்து, இது வேண்டாம் அது எடு என்று சண்டை போட்டு ஐந்து ஐந்தாக எடுத்தது. 7 கிலோ 600, 8 கிலோ 200, 9 கிலோ என்று போர்டில் எட்டு எண்கள். கடைசியில் சாக்கை அப்படியே தூக்கித் தராசில் வைத்தார். 6 கிலோ 400. எட்டில் ஏழு குழு மேலே போயிருந்தது.

(இந்த விளையாட்டு அவர் கண்டுபிடித்ததில்லை. அமெரிக்காவில் ஆண்ட்ரூ கெல்மன், டெபோரா நோலன் என்ற இருவர் புள்ளியியல் ஆசிரியர்களுக்காக 2002-ல் எழுதிய புத்தகத்தில் இது மிட்டாயோடு வருகிறது. மிட்டாய் கொண்டுவந்தால் வகுப்பு முடிவதற்குள் எண்ணிக்கை குறைந்துவிடும் என்று இவர் வெங்காயத்துக்கு மாறியிருக்கலாம்.)

ஏன் எல்லாரும் மேலே போனார்கள்? யாரும் ஏமாற்றவில்லை. நேர்மையாகத்தான் 'மாதிரி' தேடினார்கள். ஆனால் கைக்குப் பெரிசுதான் முதலில் தட்டுப்படும். பொடிசெல்லாம் அடியில் போய் ஒளிந்துகொள்ளும். கண்ணும் பெரிசைத்தான் வெங்காயம் என்று நம்பும்.

அடுத்த சுற்று. ஒவ்வொரு வெங்காயத்திலும் 1 முதல் 100 வரை எண் ஒட்டியாயிற்று. எவர்சில்வர் டம்ளரில் நூறு சீட்டு. கண்ணை மூடி ஐந்து சீட்டு எடுக்க வேண்டும், எந்த எண் வருகிறதோ அந்த வெங்காயம். உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு சொல்லும் குடவோலை முறையும் இதே வேலைதான். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு ஒரு சிறுவனை எடுக்கச் சொன்னார்கள். விவரம் தெரிந்த பெரியவர் எடுத்தால் விவரமாகத்தான் எடுப்பார் என்று பத்தாம் நூற்றாண்டிலேயே தெரிந்திருக்கிறது.

இந்தச் சுற்றில் நாலு குழு 6.4-க்கு மேலே, நாலு குழு கீழே. அதுவரை சரி. ஆனால் எண்கள் 4 கிலோ 700-லிருந்து 8 கிலோ 300 வரை சிதறிக் கிடந்தன.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல். "சார், ரெண்டாவது தடவையும் தப்பாத்தானே சார் வந்திருக்கு?"

நல்ல கேள்வி. சொல்லப்போனால் அன்றைக்கு வகுப்பில் கேட்கப்பட்டதிலேயே அதுதான் சிறந்த கேள்வி. ஆமாம், இரண்டு தடவையும் தப்பு. ஆனால் முதல் தடவை தப்பெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தது. எட்டுக் குழு என்ன, எண்பது குழு வந்து எடுத்தாலும் சராசரி மேலேதான் நிற்கும். இரண்டாவது தடவை தப்பு இரண்டு பக்கமும் விழுந்தது. அஞ்சுக்குப் பதில் இருபது வெங்காயம் எடுத்தால் சிதறல் பாதியாகும். எவ்வளவு சிதறும் என்று முன்கூட்டியே கணக்கும் போடலாம். பாடப்புத்தகத்தில் திட்டப் பிழை என்று வருவது இந்த இரண்டாவது தப்பின் அளவு மட்டும்தான். முதல் தப்பைப் பற்றி அது வாயே திறக்காது. 2024 மக்களவைத் தேர்தலின் கருத்துக்கணிப்புகளை நினைத்துப் பாருங்கள். வாக்குப்பதிவு முடிந்த அன்று மாலை பல கணிப்புகள் தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350-க்கு மேல் கொடுத்தன. கிடைத்தது 293. எத்தனை பேரைக் கேட்டார்கள் என்று பெருமையாகச் சொன்னார்கள். சாக்குக்குள் எந்தக் கை போனது என்பதல்லவா கேள்வி.

மறுநாள் வகுப்பில்தான் விஷயம் சூடானது. நூறு வெங்காயத்தின் எடையையும் தனித்தனியாகப் பட்டியல் போட்டுக் கொண்டுவந்திருந்தார். நாற்பது பேரும் தனித்தனியாக ஐந்து சீட்டு எடுத்து, சராசரி, திட்டப் பிழை கண்டுபிடித்து, 2.776-ஆல் பெருக்கி, 95 சதவீத நம்பிக்கை இடைவெளி போட வேண்டும். (ஐந்து பேர் கொண்ட கூறுக்கு டி அட்டவணையில் இருக்கும் எண் அது. 1.96 போட்டுவிட்டு மாட்டிக்கொண்டவர்கள் ஆறேழு பேர்.) போர்டின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு: 6.4 கிலோ. ஒவ்வொருவரும் வந்து தன் இடைவெளியைக் குறுக்குக் கோடாக வரைந்தார்கள். நாற்பது குச்சிகள். சில நீளம், சில குட்டை. பெரும்பாலானவை நடுக்கோட்டைத் தொட்டன. மூன்று தொடவில்லை.

அந்த மூன்றில் ஒன்று வகுப்பில் எப்போதும் முதலில் வரும் பெண்ணுடையது. நிலக்கோட்டைப் பக்கத்துக் கிராமம், தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். இரண்டு முறை கணக்கைத் திரும்பப் போட்டுவிட்டு நோட்டோடு எழுந்து போனாள்.

"சார், எங்க தப்புன்னு பாத்துச் சொல்லுங்க."

பார்த்தார். "கணக்கு சரியாத்தாம்மா இருக்கு."

"அப்ப ஏன் சார் கோட்டைத் தொடலை?"

"உனக்கு வந்த அஞ்சு சீட்டும் பொடி வெங்காயமா வந்திருச்சு."

"அதுக்கு நான் என்ன சார் பண்ண முடியும்?"

"ஒண்ணும் பண்ண முடியாது. நீ ஒரு தப்பும் பண்ணலை."

அவளுக்கு அது ஆறுதலாக இல்லை. முகம் சின்னதாகிவிட்டது. யோசித்தால் நியாயம்தான். ஒன்றாம் வகுப்பிலிருந்து அன்றுவரை, எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் விடை தவறாக வரும் ஓர் இடத்தை அவள் பார்த்ததே இல்லை. விடை தப்பென்றால் செய்தவள் எங்கோ தப்பு செய்திருக்க வேண்டும் என்பதுதான் இதுவரையிலான ஏற்பாடு. பன்னிரண்டு வருஷப் பள்ளிக்கூடம் அந்த ஏற்பாட்டின் மேல்தான் நிற்கிறது. நிச்சயமின்மையைச் சொல்லிக்கொடுப்பதில் கஷ்டமான பகுதி சூத்திரம் இல்லை, இந்த இடம்தான்.

95 சதவீதம் என்பது யெர்சி நெய்மன் 1937-ல் இந்த முறையை விளக்கியபோதே செயல்முறையைப் பற்றிய பேச்சு. இப்படித் திரும்பத் திரும்பச் செய்துகொண்டே போனால் நூற்றுக்கு 95 குச்சி நடுக்கோட்டைத் தொடும். கையில் இருக்கும் ஒரு குச்சி அந்த 95-ல் ஒன்றா, மிச்ச ஐந்தில் ஒன்றா என்று குச்சியைப் பார்த்துச் சொல்ல முடியாது. வகுப்பில் சாக்கைத் தூக்கித் தராசில் வைத்துவிட்டதால் நடுக்கோடு தெரிந்தது. வெளியே யாரும் சாக்கைத் தூக்கி வைப்பதில்லை.

வகுப்பில் கேட்ட கேள்வியால் பெரிய காரியம் நடந்த கதை ஒன்று இந்தியப் புள்ளியியலில் உண்டு. 1944-ல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் சி.ஆர். ராவ் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்று, நாலு. கூறு மிகப் பெரியதாக இருந்தால் மதிப்பீட்டின் சிதறல் எவ்வளவுக்குக் கீழே போகாது என்று ஃபிஷர் சொன்ன முடிவை விளக்கினார். ஒரு மாணவர் எழுந்து, கூறு சிறியதாக இருந்தால் இப்படி ஒரு எல்லை உண்டா என்று கேட்டார். ராவ் அன்றிரவு உட்கார்ந்து போட்டுப் பார்த்தார், உண்டு என்று வந்தது. 1945-ல் அச்சான அந்த முடிவுதான் இன்று உலகம் முழுக்கக் கிராமர்–ராவ் எல்லை என்று படிக்கப்படுகிறது. சாய்வில்லாத மதிப்பீட்டை எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகச் செய்தாலும் நிச்சயமின்மை ஓர் அளவுக்குக் கீழே இறங்காது என்பது அதன் சாரம். ராவ் 2023-ல், நூற்றிரண்டு வயதில் காலமானார்.

கேள்வி கேட்ட மாணவர் வி.எம். தாண்டேகர். பின்னாளில் பெரிய பொருளாதார அறிஞர். நீலகண்ட ரத்தோடு சேர்ந்து 1971-ல் இந்திய வறுமை பற்றி எழுதியதற்காகப் பலருக்கும் தெரிந்தவர். அவரையே இந்தியப் பயிர்க் காப்பீட்டின் தந்தை என்றும் சொல்வார்கள். ஒவ்வொரு விவசாயியின் வயலையும் தனித்தனியாகப் பார்த்து நஷ்டம் கணக்கிடுவது நடக்காத காரியம், ஒரு வட்டாரம் முழுவதற்கும் சராசரி விளைச்சலைக் கண்டுபிடித்து, அது குறைந்தால் அந்த வட்டாரத்தில் காப்பீடு செய்த எல்லாருக்கும் இழப்பீடு கொடுக்கலாம் என்று 1976-ல் வாதாடினார். அந்த அடிப்படையில் 1979-ல் சோதனைத் திட்டம் வந்தது. பிறகு 1985, 1999, 2016 என்று பெயர் மாறி மாறி வந்த திட்டங்களிலும் அடிப்படை அதுவேதான்.

ஆக, சிறிய கூறில் நிச்சயமின்மை எவ்வளவு என்று கேட்டவரின் யோசனை, நிலக்கோட்டை, ஆத்தூர், பழனிப் பக்கத்து நெல் வயல்களில் இன்று சிறிய கூறாகவே வந்து நிற்கிறது. அந்தக் கூறின் பெயர் பயிர் அறுவடைப் பரிசோதனை.

அது நடக்கும் விதம் இது. கிராமத்தில் அந்தப் பயிர் போட்ட சர்வே எண்களிலிருந்து சமவாய்ப்பு எண் அட்டவணை வைத்து வயலைத் தேர்ந்தெடுப்பார்கள். வயலின் தென்மேற்கு மூலையில் நின்று, நீளத்துக்கு ஒன்று அகலத்துக்கு ஒன்று என இரண்டு எண் எடுத்து, அத்தனை தப்படி நடந்து போய் முளை அடிப்பார்கள். அங்கிருந்து நெல்லுக்கு 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம். கயிறு கட்டி, உள்ளே இருப்பதை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, எடை போடுவார்கள். 25 சதுர மீட்டர். ஹெக்டேருக்கு மாற்ற 400-ஆல் பெருக்க வேண்டும். தராசில் கால் கிலோ கூடிக் குறைந்தால் ஹெக்டேருக்கு நூறு கிலோ.

சதுரம் ஏன் இவ்வளவு பெரிசு என்பதற்குப் பின்னால் ஒரு சண்டையே இருக்கிறது. 1923 முதல் 1925 வரை பீகார், ஒரிசாவில் ஹப்பக் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி சமவாய்ப்பு முறையில் நெல் அறுத்துப் பார்த்தார். பிறகு மகலநோபிஸ் வங்காளத்தில் சிறு சிறு வட்டங்களாக அறுத்தார். சிறிதாக இருந்தால் அதே செலவில் நிறைய இடங்களில் அறுக்கலாமே. பி.வி. சுகாத்மே 1940-களில் அதை மறுத்தார். வட்டம் சின்னதாக இருந்தால் விளைச்சல் கூடுதலாகக் காட்டுகிறது என்று பரிசோதனை செய்து காட்டினார். எல்லைக்கயிற்றின் மேல் நிற்கும் கதிரை உள்ளே சேர்ப்பதா வெளியே விடுவதா என்று சந்தேகம் வரும்போது அறுக்கிறவர் கை உள்ளே சேர்த்துவிடுகிறது. சின்ன வட்டத்துக்கு எல்லைதான் அதிகம். வெங்காயச் சாக்குக்குள் போன அதே கை!

இனி எண்ணிக்கை. 2016-ல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின் வழிகாட்டுதலில், கிராம அளவில் முக்கியப் பயிருக்குக் குறைந்தபட்சம் 4 பரிசோதனை. வகுப்பில் ஐந்து வெங்காயம், இங்கே நாலு சதுரம்.

வெங்காய வகுப்பு நடந்த வாரத்தில் அந்த நிலக்கோட்டைப் பெண்ணுக்குச் சார் தனியாக ஒரு கணக்கு கொடுத்தார். கற்பனைக் கணக்குத்தான். நாலு சதுரத்தில் 9, 11, 13, 15 கிலோ. சராசரி 12. ஹெக்டேருக்கு 4,800 கிலோ. அந்தக் கிராமத்துக்கு உத்தரவாத விளைச்சல் 5,000 என்று வைத்துக்கொள். (கடந்த ஏழு வருஷத்தில் சிறந்த ஐந்தின் சராசரியை எடுத்து, 70, 80, அல்லது 90 சதவீதத்தால் பெருக்கி வருவது அது.) குறைவு 200. ஐயாயிரத்துக்கு இருநூறு என்றால் 4 சதவீதம். காப்பீட்டுத் தொகை ஏக்கருக்கு 30,000 என்றால் கைக்கு வருவது 1,200 ரூபாய்.

"இப்ப அந்த 15 கிலோ வயலுக்குப் பதிலா, சீட்டுல 11 கிலோ வயல் வந்திருந்தா?"

போட்டாள். சராசரி 11, ஹெக்டேருக்கு 4,400, குறைவு 12 சதவீதம், 3,600 ரூபாய்.

"17 கிலோ வயல் வந்திருந்தா?"

சராசரி 12.5. ஹெக்டேருக்குச் சரியாக 5,000. இழப்பீடு பூஜ்யம்.

ஒரே ஒரு வயல் மாறியதில் கிராமம் முழுக்கப் பூஜ்யத்துக்கும் 3,600-க்கும் இடையில் ஊசலாடுகிறது. நம்பிக்கை இடைவெளியையும் போட்டுப் பார்த்தாள். நாலு கூறுக்கு டி மதிப்பு 3.182. 4,800 கூட்டல் கழித்தல் 1,640 சொச்சம். 3,150-க்கும் 6,450-க்கும் நடுவில் எங்கோ உண்மையான சராசரி இருக்கலாம். எங்கே என்று தெரியாது. ஆனால் வங்கிக் கணக்கில் விழும் தொகைக்குக் கூட்டல் கழித்தல் கிடையாது. 1,200 என்றால் 1,200.

"அப்ப இது அநியாயம்தானே சார்?"

சார் உடனே ஆமாம் சொல்லவில்லை. நாலுக்குப் பதில் நாற்பது சதுரம் அறுத்தால் சிதறல் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வரும். ஆனால் அறுவடை எல்லா ஊரிலும் ஒரே பதினைந்து இருபது நாளில் நடக்கிறது. முளையும் கயிறும் தராசும் தூக்கிக்கொண்டு போக அத்தனை பேர் வேண்டும். அவசரத்தில் அறுக்கிற நாற்பது சதுரத்தில் எத்தனை நிஜமாக அறுத்தது, எத்தனை மரத்தடியில் உட்கார்ந்து எழுதியது என்ற சந்தேகம் வரும். அது முதல் வகைத் தப்பு. அதைக் கணக்கில் பிடிக்கவே முடியாது. தனித்தனி வயலாகப் பார்க்கலாம் என்றால் தாண்டேகர் சொன்ன சிக்கலுக்கே திரும்ப வேண்டும். இதோடு, கிராமச் சராசரி நன்றாக இருந்து தன் வயல் மட்டும் போன விவசாயிக்கு ஒன்றும் கிடைக்காது என்ற குறை வேறு தனியாக நிற்கிறது. "திட்டத்தைப் போட்டவங்களுக்கு இது தெரியாம இல்லம்மா. தெரிஞ்சுதான் நாலு வச்சாங்க. நாலுன்னா எவ்வளவு ஆடும்னு ஊருக்குத்தான் யாரும் சொல்லலை."

அவர் சொன்னதில் பாதி சரி. ஊருக்குச் சொல்லவில்லை என்பது உண்மை. ஆனால் ஊருக்கு அது தெரியாது என்று நினைத்தது அவ்வளவு சரியில்லை.

அந்தப் பெண் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் கேட்டாள். பயிர் பால் பிடித்து முற்றிக்கொண்டிருந்த நேரம்.

"அப்பா, இந்தத் தடவை எத்தனை மூடை வரும்?"

"ஏக்கருக்கு இருபத்தஞ்சு முப்பது வரும் பாப்பா."

"இருபத்தஞ்சுக்குக் கீழ போகாதா?"

"போனாலும் போகும். மேக்கால வயல் மழையில சாஞ்சு கெடக்கே."

"நூறு வருசம் இதே மாதிரி வெள்ளாமை வந்தா, எத்தனை வருசம்ப்பா கீழ போகும்?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் வயலையே பார்த்தார். மகள் படிக்கிற படிப்பில் இதெல்லாம் கேட்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்திருக்கலாம்.

"நூறு வருசத்துக்கு நான் எங்க போறது... பத்துக்கு ரெண்டு மூணு தடவ போகும்."

அந்த ரெண்டு மூணையும் அவள் நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டாள். இரண்டரை என்று மாற்றவில்லை.

உள்தேர்வில் நாலு எண்களைக் கொடுத்து 95 சதவீத எல்லை கேட்டிருந்தார்கள். எல்லாம் சரியாகப் போட்டுவிட்டு, கடைசியில் உண்மைச் சராசரி இந்த எல்லைக்கு வெளியிலும் இருக்கலாம் என்று ஒரு வரி சேர்த்து எழுதினாள். பேப்பர் திருத்தியது வேறொரு ஆசிரியர். மார்க்கில் கை வைக்கவில்லை. அந்த வரியின் அடியில் மட்டும் சிவப்பு மையில் ஒரு கோடும் கேள்விக்குறியும்.

அறுவடை முடிந்து களத்தில் எண்ணியபோது ஏக்கருக்கு இருபத்தி நாலு மூடைதான் வந்தது. "சொன்னேன்ல, போனாலும் போகும்னு" என்றார் அப்பா, சாக்கின் வாயைத் தைத்துக்கொண்டே.